படிநிலை மதிப்பெண்

சத்தியமங்கலத்தில் இரண்டாம் கட்டப் பயிற்சி.
மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை.
பத்தாம் வகுப்பு பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம்,
வாழ்நாளெல்லாம் பெஞ்சுக்கு எதிரில் நின்றவர்கள்.

ஆளுக்கு ஒரு வாக்குச்சீட்டு,
ஓர் உறுதிமொழிப் படிவம்,
சின்னதாய் ஓர் உறை, பெரிதாய் ஓர் உறை,
பின்பக்கமும் அச்சடித்த வழிமுறைத் தாள்.
அதில் நாலாவது வரி இரண்டாவதைப் பார்க்கச் சொன்னது.
இரண்டாவது, நகலெடுத்த மசியில் கரைந்திருந்தது.

"உறுதிமொழி வெளியே இருக்கோணும்" என்றார் மண்டல அலுவலர்.
"வெளியேன்னா சின்னதுக்கு வெளியேங்களா,
பெரிசுக்கு வெளியேங்களா?"
என்றார் புளியம்பட்டி துளசிமணி டீச்சர்.
"சீட்டையும் அதையும் ஒண்ணாப் போட்டு ஒட்டுங்க,
போன தடவை அப்படித்தான்"
என்றார் ஓவிய ஆசிரியர் சென்னியப்பன்.
போன தடவை அவர் ஓட்டு செல்லுபடியானதா என்று
யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

சான்றொப்பம் போட ஒரே அதிகாரி.
வரிசை கைகழுவும் தொட்டி வரை போனது.
என் முறை வரும்போது மணி ஐந்தே கால்.
ஐந்தரை பஸ்ஸை விட்டால்
கோபி வரைக்கும் நின்றுகொண்டுதான்.

அட்டைத் தடுப்புக்குள் குனிந்தேன்.
யாருக்கென்று எப்போதோ முடிவு செய்தது,
அதற்கு ஒரு நொடி.
மடித்தேன், நுழைத்தேன், ஒட்டினேன்,
பசை விரலில் பிடித்து உறையும் கூடவே வந்தது,
உதறினேன்.
பெட்டி சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.

கொடிவேரிப் பிரிவு தாண்டும்போது
வயிற்றில் பொக்கென்றது.
உறுதிமொழியை
எதில் போட்டேன்?

கணக்கு நடத்துகிறவள் நான்.
விடை தப்பானாலும்
சூத்திரம் எழுதியிருந்தால் ஒன்று,
பிரதியிட்டிருந்தால் இன்னொன்று,
அலகு போட்டிருந்தால் அரை என்று
பிச்சுப் பிச்சு மார்க் போடுகிறவள்.
உறைகளுக்கு அதெல்லாம் கிடையாது.

கவுந்தப்பாடியில் இறங்கினால்
வெல்லப்பாகு வாசனைக்கு நடுவே ஒரு ஜீப்.
வேட்பாளர் என்னையே பார்த்துக் கும்பிட்டார்.
"மறந்துறாதீங்க அம்மணி."
அவருக்கு இன்னும் ஒரு வாரம் பேச்சிருந்தது.
நான் போட்டது அவருக்கல்ல.
எவருக்குமே அல்லவோ என்னமோ.
பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு
பால் வாங்கப் போனேன்.

ராத்திரி இரண்டு மொய்க் கவர் எடுத்து
ஒத்திகை பார்த்தேன்.
கரண்ட் பில்தான் உறுதிமொழி,
பஸ் டிக்கெட் வாக்குச்சீட்டு.
மூன்று தடவையும் சரியாக வந்தது.
அது எதையும் நிரூபிக்கவில்லை.
"அதுல இருக்கறது ஒரு ஓட்டு" என்று
விளக்கை அணைத்தார் ஈஸ்வரமூர்த்தி.
அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஓட்டன்றைக்கு மலைமேல் ஒரு துவக்கப்பள்ளி.
அறுநூற்றுப் பதினொரு விரலுக்கு மை வைத்தேன்.
ராகி அரைத்த மாவு நகக்கண்ணில் வெளுத்திருந்த கெம்பம்மா
என் கையைத் திருப்பிப் பார்த்தாள்.
"உனக்கு மையே இல்லியே?"
"போன வாரமே போட்டாச்சு. எங்களுக்குத் தபால்ல."
"முன்னாடியே போட்டா,
அது இந்த நாளுக்கு வந்து சேருமா?"
அடுத்தவர் வாங்க என்றேன்.
குச்சியைப் புட்டியில் நனைத்தேன்.

எண்ணும் நாளில் தபால் ஓட்டுதான் முதலில்.
எட்டே முக்காலுக்கு டிவியில் அடியில் ஓடியது:
செல்லாதவை நூற்றுப் பதினேழு.
சமையல்கட்டில் நின்றபடியே பார்த்தேன்.
பேரில்லாத விடைத்தாள்
கட்டின் அடியில் கிடக்கும் ஒன்றிரண்டு எப்போதும்,
வகுப்பு முழுக்கக் கேட்டால்
ஒருவனும் கை தூக்க மாட்டான்.

துளசிமணி டீச்சர் போன் செய்தார்.
"அதுல நீங்களுங்களா?"
"தெரியலீங்களே. நீங்க?"
"தெரியலீங்."
சற்று நேரம் இரண்டு பக்கமும் டிவி மட்டும் பேசியது.

சென்னியப்பன் சார் மட்டும்
தன்னது செல்லும் என்கிறாராம்.